லங்கணம்

தமிழில் குதிப்பதற்கான சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. கன்றுக்குட்டி துள்ளும், குரங்கு தாவும், புலி பாயும். எட்டாத கொம்பைப் பிடிக்கச் சின்னப் பையன் எம்புவான். ஓடையைத் தாண்டுவோம், கிணற்றில் குதிப்போம். இவற்றில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் காது ஒத்துக்கொள்ளாது. புலி எம்பியது என்று எழுதினால் சிரிப்புதான் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தேவை இருக்கிறது. தாவுவதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு கிளை வேண்டும். பாய்வது புலியாக இருந்தால் இரை வேண்டும், தண்ணீராக இருந்தால் பள்ளம் வேண்டும். தாண்டுவதற்கு நடுவில் ஏதாவது கிடக்க வேண்டும். துள்ளலுக்கு மட்டும் ஒன்றும் வேண்டாம், வயிறு நிறைந்திருந்தால் போதும்.

இந்த வரிசையில் யாரும் சேர்க்காத சொல் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கம் புழங்கியது. அதைச் சொன்னவர்களில் ஒருத்தருக்கும் அது குதிப்பதைக் குறிக்கிற சொல் என்று தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அந்தச் சொல் லங்கணம்.

ரயிலில் போகிறவர்களுக்குக் கடம்பூர் என்றால் போளி. கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் இனிப்பு விற்கிற பூமி மாதிரி இருக்கும். ஸ்டேஷனில் இறங்கி ரெண்டு மைல் நடந்தால் கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கிற மண், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிற மண். எங்கள் ஊருக்கு ஆறும் கிடையாது, கால்வாயும் கிடையாது. வானம் பார்த்த மானாவாரி. புரட்டாசியில் விதைத்தால் தையிலோ மாசியிலோ கம்பும் சோளமும் உளுந்தும் வீட்டுக்கு வரும். பருத்தி அதற்குப் பிறகும் வெடித்துக்கொண்டிருக்கும். மழை பொய்த்தால் அந்த வருஷம் போனதுதான். பெய்தாலும்கூட, புதுத் தானியம் வீடு வந்து சேருகிற வரைக்கும் பழையது தாக்குப்பிடிக்க வேண்டும். குலுக்கையின் அடி தெரிகிற மாதங்கள் அவை.

எங்கள் ஆச்சியின் வாயில் லங்கணம் இரண்டு விதமாக வரும். ஒன்று, யாருக்காவது காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால். "ஒரு நாளு லங்கணம் போடுய்யா, தானா எறங்கிரும்" என்பாள். சுக்குப் போட்ட வெந்நீர் மட்டும் கிடைக்கும். இது வைத்தியம். இரண்டாவது விதத்தை நான் நேரில் பார்க்கவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மா சிறுமியாக இருந்த காலத்தில், ராத்திரி ஏழு ஏழரைக்குத் தெருவில் போகிற யாராவது, "என்ன மதினி, சாப்ட்டாச்சா?" என்று கேட்பார்கள். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடியே, "இன்னைக்கு லங்கணம் மதினி. வவுறு ஒரு மாதிரிக் கெடக்கு" என்பாளாம்.

கேட்டவர் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்க மாட்டார். வயிற்றுக்கு என்ன என்று கேட்பது நாகரிகம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளை ஒரு கும்பாவைத் தூக்கிக்கொண்டு வரும். "உப்பு சரியா இருக்கான்னு பாக்கச் சொன்னாக." கும்பா நிறையக் கம்பங்கஞ்சி இருக்கும். உப்பு பார்க்க ஒரு விரல் போதும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆச்சி அதை வாங்கிப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, "உப்பு சரியாத்தான் இருக்குன்னு சொல்லு" என்று கும்பாவைக் கழுவிக் கொடுத்தனுப்புவாள். இன்னொரு மாதத்தில் இதே கும்பா எதிர்த்திசையில் போகும். இந்தப் போக்குவரத்து முழுவதும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நடந்தது. பட்டினி என்று சொல்லியிருந்தால் கேட்டவருக்கும் சங்கடம், சொன்னவருக்கும் அவமானம். லங்கணம் என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். உடம்பு சரியில்லாமல் போவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

சாப்பிடாமல் இருப்பதைப் பற்றிப் பேசும்போது தமிழ் ரொம்பக் கறார். விரதம் இருப்பார்கள், பட்டினி கிடப்பார்கள். பந்தலில் மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டே ஒரு தலைவர் போராடினாலும் அவர் உண்ணாவிரதம் இருந்தார் என்றுதான் செய்தித்தாள் எழுதும், கிடந்தார் என்று எழுதாது. வீட்டில் அரிசி இல்லாதவன் நாள் முழுக்க நடந்துகொண்டே இருந்தாலும் அவன் பட்டினி கிடக்கிறான். சாப்பிடாததற்கான காரணம் நம் கையில் இருந்தால் இருக்கிறோம், கையில் இல்லாவிட்டால் கிடக்கிறோம். லங்கணத்துக்கு ஆச்சி வைத்திருந்த வினை வேறு. அதை அவள் போட்டாள். கோலம் போடுவதைப் போல, சோறு போடுவதைப் போல, லங்கணம் போட்டாள். கிடக்கிறவளுக்கு இல்லாத ஒரு கை போடுகிறவளுக்கு இருக்கிறது.

இனிச் சொல்லின் பிறப்பு. சமஸ்கிருதத்தில் 'லங்க்' என்று ஒரு வேர். தாவுவது, தாண்டுவது என்று பொருள். அதிலிருந்து வந்தது லங்கனம். மோனியர் வில்லியம்ஸின் 1899ஆம் வருஷத்துச் சமஸ்கிருத அகராதி இந்தச் சொல்லுக்கு முதலில் தாவுதலையும் தாண்டுதலையும் சொல்லிவிட்டு, அதே பதிவில் உபவாசத்தையும் பசியையும் சொல்கிறது. விதியைத் தாண்டினால் அது உல்லங்கனம், இந்தியில் சட்டமீறலுக்கு இன்றும் இந்தச் சொல்தான். கடலைத் தாண்டினால் சாகர லங்கனம். வேளையைத் தாண்டினால் வெறும் லங்கனம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பேச்சு தெலுங்கு. பல தலைமுறைகளுக்கு முன் வடக்கேயிருந்து கரிசலுக்கு வந்து சேர்ந்த தெலுங்குக் குடிகளின் கதையைத்தான் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' நாவலாக எழுதினார். எதிர்வீட்டு அவ்வாவும் இந்தச் சொல்லைச் சொல்லுவார். சமஸ்கிருதத்தின் மெல்லிய னகரம் தெலுங்கிலும் எங்கள் ஊர்த் தமிழிலும் அழுத்தமான ணகரமாகிவிட்டது. தெருவின் இரண்டு பக்கமும் வேறு வேறு மொழி. ராத்திரிச் சாப்பாடு இல்லை என்பதற்கு மட்டும் ஒரே சொல்.

இந்த 'லங்க்' என்ற வேருக்கு ஒரு கூடப்பிறந்த சொல் உண்டு: லகு. இலகு, லகுவாக என்று நாம் எழுதுகிறோமே, அதேதான். கனமில்லாதது என்று பொருள். கனமில்லாததுதானே தாவும். இதே குடும்பத்தின் இன்னொரு கிளை ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலத்தில் கனமின்மையைக் குறிக்கிற 'லைட்' ஆனது. நுரையீரலைக் குறிக்கிற 'லங்' என்பதும் அதே வேர்தான், உடம்புக்குள் லேசான உறுப்பு என்பதால். கசாப்புக் கடைக்காரர்கள் ஆட்டின் நுரையீரலை 'லைட்ஸ்' என்றே அங்கே சொல்லிவந்திருக்கிறார்கள். நம் முன்னோர் அதே உறுப்பைப் பார்த்து ஈரலுக்கு முன்னால் நுரையைச் சேர்த்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பக்கத்துக் கசாப்புக்காரர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

இந்த லேசுதான் குதிப்பதற்கும் பட்டினிக்கும் நடுவில் இருக்கிற பாலம். அந்தப் பாலத்தைக் கட்டியவர்கள் வைத்தியர்கள். சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானத்தின் 22ஆம் அத்தியாயம் லங்கனத்தைப் பற்றியது. உடம்பை லேசாக்குவது எதுவோ அது லங்கனம் என்று வரையறுத்துவிட்டு, அதில் பத்து வகை சொல்கிறார்கள். வாந்தி, பேதி போன்ற சுத்திகரிப்புகள் நான்கு. மிச்சம் ஆறு: தாகத்தைப் பொறுத்தல், காற்று, வெயில், செரிமானத்துக்கான மருந்து, உபவாசம், உடலுழைப்பு.

இந்தப் பட்டியலை முதல்முறை படித்தபோது கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. தாகம், காற்று, வெயில், பட்டினி, உடலுழைப்பு. கரிசல்காட்டில் பருத்தி எடுக்கப் போகிற ஒரு பொம்பளையின் ஒரு நாள் இது, வரிசைகூடப் பெரிதாக மாறவில்லை. தின்று கொழுத்த உடம்புக்கு எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டை, எந்த நோயும் இல்லாமல் வருஷம் முழுக்க அனுபவித்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். சரகரின் நூலைக் குறை சொல்ல முடியாது. அதே அத்தியாயம் லங்கனத்துக்கு நேர் எதிரான சிகிச்சையையும் சொல்கிறது. ப்ரும்ஹணம், அதாவது உடம்பைத் தேற்றுவது. அது யாருக்கு வேண்டும் என்பதற்கும் அங்கே ஒரு பட்டியல் உண்டு. மெலிந்தவர்கள், வயதானவர்கள், பலமில்லாதவர்கள், எந்நேரமும் வழிநடக்கிறவர்கள். அந்த வைத்தியர் கடம்பூருக்கு வந்து ஆச்சியின் நாடியைப் பிடித்திருந்தால் சோறு போடச் சொல்லித்தான் எழுதியிருப்பார். ஊருக்கு வந்து சேர்ந்தது பாதி அத்தியாயம்தான்.

லங்கனம் என்றதும் படித்தவர்களுக்கு நினைவு வருவது அனுமன். கம்பன் சுந்தர காண்டத்தின் முதல் படலத்துக்குக் கடல் தாவு படலம் என்று பெயர். வால்மீகியில் அந்தத் தாவலுக்கு நடுவே ஓர் இடம் எனக்குப் பிடிக்கும். கடலுக்குள்ளிருந்து மைநாக மலை எழுந்து வந்து, களைப்பாறிவிட்டுப் போ, கிழங்கும் பழமும் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ என்று உபசரிக்கிறது. அனுமன் கையால் அதைத் தொட்டுவிட்டு, நேரம் போகிறது, நடுவில் நிற்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிப் பறந்துவிடுகிறான். ஒரே மூச்சில் அவன் இரண்டு லங்கனங்களையும் செய்கிறான், கடலையும் தாண்டுகிறான், சாப்பாட்டையும் தாண்டுகிறான். அவனால் முடியும். முன்னால் இலங்கை இருக்கிறது, பின்னால் அவன் திரும்பி வருவதற்காக ஒரு கூட்டமே காத்திருக்கிறது, நடுக்கடலில்கூட ஒரு மலை விருந்தோடு எழுந்து வருகிறது.

அரசாங்கமும் லங்கணம் போடும். 1876இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்கள். 1877இல் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் கீழே. வேலை செய்கிற உடம்பு இதில் நிற்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ.ஆர். கார்னிஷ் எதிர்த்து எழுதினார். இரண்டு கனவான்கள், எவ்வளவு குறைத்தால் ஆள் சாக மாட்டான் என்பது பற்றிக் காகிதத்தில் வாதம் செய்தார்கள். கடைசியில் கூலியை உயர்த்த வேண்டிவந்தது. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் பல லட்சம்.

ஆச்சிக்கு அறுபத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. அதற்கு ரொம்ப முன்பே வீட்டில் அரிசிக்குக் குறைவில்லாமல் ஆகியிருந்தது. ஆனால் லங்கணம் அவளை விட்டுப் போகவில்லை. வாரத்துக்கு ஒரு ராத்திரியாவது, "எனக்கு வேண்டாம், லங்கணம்" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துவிடுவாள். சர்க்கரையைக் குறைக்கிற சில மாத்திரைகள், சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் தங்கள் வேலையைச் செய்துவிடும். ஒரு நாள் காலையில் தொழுவத்துப் பக்கம் மயங்கிக் கிடந்தாள். கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் சின்ன வயசுக்காரர், வெளியூர்.

"பாட்டி, இனிமே ஒரு வேளைகூட ஸ்கிப் பண்ணக் கூடாது. புரியுதா?"

ஆச்சி என்னைப் பார்த்தாள். "ஸ்கிப்புன்னா என்னய்யா?"

"தாண்டுறது ஆச்சி. சாப்பாட்டத் தாண்டக் கூடாதுங்கிறாரு."

"நான் எங்கய்யா தாண்டுனேன்" என்றாள். "கெடந்தேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதினார். நான் அகராதியைப் புரட்டியது அதற்குப் பிறகுதான். 'ஸ்கிப்' ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல்லாம். அதற்கும் துள்ளிக் குதிப்பது என்றுதான் முதல் பொருள். ஆக, டாக்டர் சொன்னதும் குதிக்கிற சொல், ஆச்சி வாழ்நாள் முழுக்கச் சொன்னதும் குதிக்கிற சொல். சொல்லின் பொருளை மறுத்தவள் அதை அதிகம் பயன்படுத்தியவள்தான்.

நான் சென்னையில் வேலை பார்க்கிற அலுவலகத்தில் இப்போது பாதிப் பேர் சாப்பிடுவதில்லை. பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுகிற முறை. 16:8 என்று சொன்னாலே எல்லோருக்கும் புரிகிறது. செல்போனில் அதற்கென்று ஒரு ஆப் இருக்கிறது, எத்தனை மணி நேரம் ஆகியிருக்கிறது என்று வட்டம் நிறைந்துகொண்டே வரும். நிறைந்ததும் வாழ்த்துச் சொல்லும். இதில் கேலி செய்ய எதுவும் இல்லை. உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்குச் சரகர் எழுதிக்கொடுத்த மருந்து சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நானும் ஆறு மாதம் செய்து பார்த்தேன். உடம்பு லேசாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் ஆச்சி சொன்னது காதில் விழும். நாங்கள் எழுதுகிற நிரலில் தாண்டுவதற்குத் தனிக் கட்டளையே உண்டு. தாண்டிப்போன வரிகள் இயங்காது, அவற்றால் ஒரு செலவும் கிடையாது. தாண்டிப் போய் எந்த வரியில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். போய் நிற்க இடமில்லாத தாண்டலுக்கு நிரலில் அர்த்தமே இல்லை. குதிக்கிற எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குரங்கு கிளையைப் பார்த்துவிட்டுத்தான் தாவுகிறது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு பிரியாணி வரும் என்று தெரிந்தவன் காலைச் சாப்பாட்டைத் தாண்டுகிறான். அடுத்த வேளை எப்போது என்று தெரியாதவளுக்குத் தாண்டிக் கால் ஊன்ற இடமில்லை. அவள் கிடந்தாள். கிடந்துகொண்டே, தெருவில் போகிறவர்களுக்காக, தாண்டுவதாகச் சொன்னாள்.

அந்த ஊன்றுகிற இடத்தைக் கட்டுகிற முயற்சி ஒன்று எங்கள் பக்கத்தில்தான் ஆரம்பித்தது. 1956இல் காமராஜர் ஆட்சியில் பள்ளிக்கூட மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியது. பாரதி பிறந்த ஊர் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பார்கள். கரிசலின் நடுவில் இருக்கிற ஊர் என்பதும் எனக்கு முக்கியம். 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. மூன்றுக்கும் அரசியல் காரணங்கள், கணக்குவழக்குகள், சண்டைகள் எல்லாம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் எளியது. இன்ன மணிக்குச் சாப்பாடு உண்டு. மணி அடிக்கும்.

அம்மா அந்த முதல் திட்டத்தின் பிள்ளை. அறுபதுகளில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட மக்காச்சோள ரவை உப்புமாவின் வாசனையை இன்றைக்கும் சொல்லுவாள். தட்டு கொண்டுவராத பிள்ளைகள் பூவரச இலையில் வாங்கிக்கொள்ளும் என்பாள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, லங்கணம் என்றால் வடமொழியில் தாவுதல், தாண்டுதல் என்று அர்த்தம் என்று அம்மாவிடம் சொன்னேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அனுமார் தாண்டியதற்கும் இதே சொல்தான் என்றும் சொன்னேன்.

முறத்தை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மத்த நாளையெல்லாம் தாண்டிருவோம்யா" என்றாள். "இந்த ஞாயித்துக்கெழமையத் தாண்டுறதுதான் கஷ்டம்."